கோமகளின் காய்ச்சலும் கல்வராயன் காய்ச்சலும்

விண்ட்சர் மாளிகையில் ஓர் அரசிக்குத் தலை வலித்தால் கள்ளக்குறிச்சியில் இருப்பவனுக்கு என்ன? கோமகள் ஒருத்தி தன் குழந்தையின் இருமலைப் பற்றித் தாய்க்கு நாலு பக்கம் எழுதினாள் என்றால், அதைக் கல்வராயன் மலையடிவாரத்தில் உட்கார்ந்து படித்து நாம் எதைச் சாதிக்கப் போகிறோம்? தோழர்கள் இப்படிக் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். கேளாமல் தலையாட்டிக் கெட்ட நாடல்லவா இது!

ஆயினும் சொல்கிறேன்: படியுங்கள். போற்றிப் பாடுவதற்காக அல்ல, புரட்டிப் பார்ப்பதற்காக. முடிசூட்டு விழாவையும் போர் வெற்றியையும் வரலாற்று ஆசிரியர்கள் எழுதி வைத்தார்கள். அங்கே அரசர்கள் அரியணையில் வீற்றிருப்பார்கள். அவர்களைக் கட்டிலில் காணவேண்டுமானால் கடிதங்களுக்குத்தான் போகவேண்டும். விக்டோரியா காலத்துப் பிரபுக் குடும்பங்களின் கடிதக் கட்டுகளைத் திறந்தால், அரசியலை விட அதிகமாக நமக்குக் கிடைப்பது சுரமும் சளியும், பல்வலியும் பிள்ளைப்பேறும், உறக்கம் வராத இரவுகளும், மருத்துவர் வந்த நேரமும் போன நேரமுமே! 'தெய்வாம்சம்' பொருந்திய திருமேனிகள் என்று யார் யாரையோ சொன்னார்களே, அந்தத் திருமேனிகள் தம்மைப்பற்றித் தாமே எழுதி வைத்த வாக்குமூலம் இது.

இவற்றுள் முதன்மையானது விக்டோரியா அரசிக்கும் அவருடைய மூத்த மகள் விக்கிக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து. மகள் 1858இல், பதினேழாம் வயதில், பிரஷ்ய இளவரசனை மணந்து பெர்லின் சென்றார். அன்று தொடங்கிய கடிதம் 1901இல் தாய் மறைந்தபோதுதான் நின்றது. நாற்பத்து மூன்று ஆண்டுகள், ஆயிரக்கணக்கான கடிதங்கள். ரோஜர் புல்போர்டு என்பவர் 1964 முதல் அவற்றைத் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தார்.

அதற்கு முன்பு வந்த பதிப்புகளோ வேறு வகை. 1907இல் பென்சன், எஷர் என்ற இருவர் அரசியின் கடிதங்களை வெளியிட்டார்கள். அமைச்சர்களுக்கு எழுதியது இருந்தது. தூதர்களுக்கு எழுதியது இருந்தது. கருவுற்ற வேதனையையும் பிள்ளைப்பேற்றின் அச்சத்தையும் பற்றிப் பெண்ணுக்குப் பெண் எழுதியவை விடுபட்டன. அரசியின் இளைய மகள் பியாட்ரிஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். தாயின் நாட்குறிப்பைத் தம் கையால் படியெடுத்து, வேண்டாதவற்றை நீக்கிவிட்டு, மூலத்தை நெருப்பில் இட்டார். ஓர் உலகப் பேரரசியின் உடம்பும் கூட ஊருக்குத் தெரியக்கூடாத ஒன்றாகவே இருந்தது! பெண்ணின் நோயை மூடி வைப்பது கற்பு, குலப்பெருமை, குடும்ப கௌரவம் என்று நம் வீடுகளில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சுக்குக் கடல் கடந்தும் உறவினர் இருந்திருக்கிறார்கள்.

தப்பிப் பிழைத்த கடிதங்கள் என்ன சொல்கின்றன? ஒன்பது பிள்ளை பெற்ற அரசி, தாய்மையின் பெருமையைப் பாடி மகளுக்கு வாழ்த்துக் கூறவில்லை. அந்த நேரத்தில் பெண் விலங்கின் நிலைக்குத் தாழ்ந்து போகிறாள் என்று கசப்போடு எழுதினார். இளமையின் முதற்சில ஆண்டுகளைக் கருப்பம் தின்றுவிட்டது என்று வெளிப்படையாகக் குறைப்பட்டார். பாட்டிலும் புராணத்திலும் தாய்மைக்குத் தங்க முலாம் பூசும் ஆண்மக்கள் இந்தக் கடிதங்களை ஒருமுறை படித்தால் நல்லது. இலக்கியமாகப் பார்த்தாலும் அரசியின் எழுத்தில் சிறந்த பகுதி இதுவே என்பது என் கருத்து. அரசியல் பற்றி எழுதும்போது அவர் நடையில் அதிகாரத்தின் விறைப்பு இருக்கும். வலியைப் பற்றி எழுதும்போது அது கழன்று விழுந்து விடுகிறது.

1853 ஏப்ரல் 7ஆம் நாள் இளவரசன் லியோபோல்டு பிறந்தபோது அரசிக்கு வலி தெரியாதிருக்கக் குளோரபாரம் கொடுத்தவர் டாக்டர் ஜான் ஸ்நோ. வேதனையோடுதான் பெறவேண்டும் என்று வேதத்தில் எழுதியிருக்கிறதே, அதைத் தடுப்பது பாவமல்லவா என்று அப்போது மறுப்புரைத்தவர் உண்டு. ஸிம்ஸன் என்ற மருத்துவ அறிஞர் 1847இலேயே அந்த மறுப்புக்கு மறுப்பாக ஒரு சிறுநூல் எழுத நேர்ந்தது. அரசி வேதத்தைக் கேட்கவில்லை, மருத்துவரைக் கேட்டார். 1857இலும் மீண்டும் அதையே கேட்டார். அரண்மனை ஏற்றதும் குளோரபாரத்துக்கு மதிப்பு வந்துவிட்டது.

இதே ஜான் ஸ்நோவை இன்னொரு தெருவில் பார்க்கவேண்டும். 1854இல் லண்டன் ஸோஹோ பகுதியில் காலரா மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றபோது, வீடு வீடாகப் போய் மாண்டவரைக் கணக்கெடுத்து, பிராட் தெருவின் நீர்க்குழாய்தான் நஞ்சு என்று காட்டியவர் அவர். குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். அரசியின் கட்டிலருகே நின்றதால் அவருக்குப் புகழ் கிடைத்தது. ஏழைத் தெருவின் குழாயடியில் நின்று அவர் சொன்னதையோ அவர் வாழ்நாளில் பலர் ஏற்கவில்லை. மருத்துவர் ஒருவரே, அறிவு ஒன்றே. மாளிகையில் அது உடனே செல்லுபடியாயிற்று. தெருவில் செல்லுபடியாக ஆண்டுகள் ஆயின. இந்தக் கடித இலக்கியம் முழுவதற்கும் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

சீமான் வீட்டில் மடமை இல்லையோ என்று எண்ணிவிடாதீர்கள். 1859 ஜனவரி 27ஆம் நாள் விக்கியின் முதற்பிள்ளை பிறந்தான். பின்னாளில் ஜெர்மானியப் பேரரசனாகி, முதல் உலகப் போரில் மீசை முறுக்கி நின்ற இரண்டாம் வில்லியம் அவன்தான். பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் வந்தது. பேறுகால மருத்துவரை அழைக்க எழுதிய சீட்டை ஆள் கொண்டு நேரே சேர்ப்பிக்காமல் சாதாரண அஞ்சலில் போட்டுவிட்டார்கள்; மருத்துவர் காலம் தாழ்ந்தே வந்து சேர்ந்தார். கடிதத்தாலேயே வாழ்ந்த குடும்பத்துக்கு ஒரு கடிதத்தாலேயே கேடு! பிள்ளையின் இடக்கை நரம்பு அறுந்து, கை சூம்பிப் போயிற்று. அதற்கு அரண்மனை மருத்துவம் என்ன தெரியுமா? புதிதாகக் கொன்ற முயலின் வெதுவெதுப்பான உடலுக்குள் குழந்தையின் கையைச் செருகி வைப்பது! காட்டு விலங்கின் வலிமை கைக்கு ஏறுமாம்! பின்னர் மின்சாரம் பாய்ச்சினார்கள், கருவி பூட்டினார்கள். தாய் துடித்தார், எழுதினார். கை நீளவில்லை. நம் ஊர் வேப்பிலைப் பூசாரியைக் கண்டு நகைக்கும் ஆங்கிலம் படித்த கனவான்கள் இந்த முயல் வைத்தியத்தையும் சேர்த்து நகைக்கட்டும்.

குலம், குருதி என்று ஓயாமல் பேசுகிறார்களே, அந்தக் குருதிக்கு வருவோம். குளோரபாரத்தில் பிறந்த லியோபோல்டுக்குக் குருதி உறையாத நோய். சிறு காயமும் பெருங்கண்டம். 1884இல் பிரான்சு நாட்டுக் கான் நகரில் வழுக்கி விழுந்தார். முப்பதாம் வயதில் மாண்டார். ஆலிஸ் இளவரசியின் இரண்டரை வயது மகன் 1873இல் சன்னல் வழியே விழுந்து அதே நோயால் இறந்தான். ஆலிஸின் மகள் அலிக்ஸ் ரஷ்யப் பேரரசி ஆனார். அவருடைய ஒரே மகன் அலெக்ஸிக்கும் அதே நோய். மருத்துவரால் ஆகாதென்று கண்ட பேரரசி யாரை நம்பினார்? ரஸ்புட்டீன் என்ற சாமியாரை! பின்னர் நடந்தது உலகறிந்த கதை. பெண் வழியே மறைந்து வந்து ஆண்பிள்ளையிடம் வெளிப்படும் இந்த நோய், குருதி உறைதல் குறைபாட்டில் 'பி' வகையைச் சேர்ந்தது என்பதை 2009இல் அக்குடும்பத்தின் எலும்புகளில் எடுத்த மரபணுவைக் கொண்டு உறுதி செய்தார்கள். உயர்ந்த குருதி கலங்கக்கூடாது என்று அரச குலங்கள் தமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. அந்த வழியிலேயே ஒரு குடும்பத்தின் நோய் ஐரோப்பாவின் பல அரண்மனைகளுக்கும் சீதனமாகப் போய்ச் சேர்ந்தது. வர்ணத்தையும் வம்சத்தையும் உயர்த்திப் பேசுவோருக்கு மறுப்பாக நாம் ஒரு வரி எழுத வேண்டியதில்லை. அவர்கள் கடிதமே போதும்.

கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டும் இன்னொரு சங்கதி நாள் பார்த்தல். அரசியின் கணவர் ஆல்பர்ட் இறந்தது 1861 டிசம்பர் 14. டைபாய்டு என்றார்கள் மருத்துவர்கள். பிற்கால ஆராய்ச்சியாளருள் சிலர் ஐயுறுவர். 1871இல் மூத்த மகன், வேல்ஸ் இளவரசன், டைபாய்டில் கிடந்து பிழைக்கத் தொடங்கியதும் டிசம்பர் 14. மகள் ஆலிஸ் இறந்ததும், 1878இல், டிசம்பர் 14. நம்ப முடியாத மருமம் என்று அரசி வியந்து எழுதினார். மருமம் ஒன்றுமில்லை, தோழர்களே! அது குளிர்காலம், சாக்கடை பழையது, நோய்க்கிருமிக்கு நாட்காட்டி தெரியாது. ஒன்பது பிள்ளையும் நாற்பது பேரப்பிள்ளையும் கொண்ட குடும்பத்தில் ஏதாவது இரண்டு மூன்று துயரங்கள் ஒரே தேதியில் விழுந்தால் அது கணக்கின் இயல்பு. அட்டமியும் நவமியும் பார்த்து மருத்துவமனைக்குப் போகத் தயங்கும் நம்மவர், தமக்கு உலகப் பேரரசியே துணை என்று மகிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வேல்ஸ் இளவரசன் பிழைத்த கதை பகுத்தறிவாளர் தனியே கற்கவேண்டிய பாடம். ஸ்கார்பரோ நகரில் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்துக்குத் தங்கியபோது தொற்றிய நோய் அது. அங்கே தங்கிய செஸ்டர்பீல்டு பிரபு மாண்டார். இளவரசனின் குதிரைக்காரர் ஒருவர் மாண்டார். இளவரசன் பிழைத்தான். நாடெங்கும் கோயில்களில் வேண்டுதல் நடந்திருந்தது. 1872 பிப்ரவரி 27இல் செயின்ட் பால் தேவாலயத்தில் நன்றி வழிபாடும் நடந்தது. வேண்டுதல் வென்றது என்று பாதிரிமார் முழங்கினர். அந்த ஆண்டே பிரான்சிஸ் கால்ட்டன் ஒரு கட்டுரை எழுதினார். நாள்தோறும் நாடு முழுவதும் நீண்ட ஆயுள் வேண்டிப் பிரார்த்திப்பது அரசர்களுக்காகத்தானே. அவர்கள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள் என்று பார்ப்போம் என்றார். முப்பதைத் தாண்டியவர்களின் சராசரி வயதைக் கணக்கிட்டார். சாதாரண நிலச்சுவான்தார் 70. அரச குடும்பத்தினர் 64! வசதி படைத்த வகுப்பார் அனைவரிலும் குறைந்த ஆயுள் அவர்களுக்கே. (இந்தக் கால்ட்டனே பிற்காலத்தில் 'உயர்ந்த இனம் வளர்ப்போம்' என்ற நச்சுக் கொள்கைக்குத் தந்தையானார். கணக்கை எடுத்துக் கொள்வோம். கொள்கையைக் குப்பையில் போடுவோம்.)

ஆலிஸின் கடிதங்களைப் பற்றித் தனியே ஒரு சொல். அவர் இறந்தபின், 1884இல், தாய்க்கு எழுதிய கடிதங்கள் நூலாயின. விக்கியைப் போல் அறிவுச் செருக்கு இவரிடம் இல்லை. தாயைப் போல் அதிகாரமும் இல்லை. போரில் காயம்பட்டோரின் மருத்துவமனைக்குப் போனவர். பிளாரன்ஸ் நைட்டிங்கேலோடு தொடர்பு கொண்டு, தம் நாட்டில் செவிலியர் பயிற்சிக்கு வழி செய்தவர். அரச குடும்பத்துக் கடிதங்களில் 'அடுத்த வீட்டு நோய்' ஓரளவாவது எட்டிப் பார்ப்பது இவரிடந்தான். 1878 நவம்பரில் அவர் வீட்டில் தொண்டை அடைப்பான் நுழைந்தது. நான்கு வயது மகள் மாண்டாள். அதை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மறைத்துவைத்தார் தாய். கடைசியில் மகனிடம் சொல்ல நேர்ந்தபோது, அவன் கதறியழ, அவனை முத்தமிட்டுத் தேற்றினார். அந்த நோய் தாயையும் கொண்டு போயிற்று. முப்பத்தைந்து வயது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1890இல், பெஹரிங்கும் கிட்டசாட்டோவும் இந்நோயின் நஞ்சை முறிக்கும் வழியைக் கண்டார்கள். ஆலிஸைக் கொன்றது விதியும் அன்று, டிசம்பர் பதினான்கும் அன்று. அறிவு பன்னிரண்டு ஆண்டு காலம் தாழ்த்தியது, அவ்வளவுதான்.

இதுவரை புகழ்ந்ததும் இகழ்ந்ததும் கடிதங்களில் இருப்பவை பற்றி. இல்லாதவற்றைப் பார்க்காவிட்டால் திறனாய்வு பாதியில் நின்றுவிடும். இந்தப் பல்லாயிரம் பக்கங்களில் சமையற்காரிக்குக் காய்ச்சல் வருவது எப்போது? பிள்ளை தூக்கிய ஆயாவின் பிள்ளைக்கு இருமல் வந்ததா? அவர்கள் பெரும்பாலும் நோயைக் கொண்டு வந்தவர்களாகவோ, நோயாளிக்கு இரவெல்லாம் விழித்தவர்களாகவோ மட்டும் வருகிறார்கள்; நோயாளிகளாக வருவது அரிது. ஸ்கார்பரோவில் மாண்ட குதிரைக்காரருக்கு இளவரசி நினைவுச்சின்னம் வைத்தார் என்பது உண்மை; அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவருக்காக எந்தக் கோயிலில் மணி அடித்தது?

கடல் கடந்து இங்கே வருவோம். இந்தியாவின் முதல் வைசிராயாகிய கானிங் பிரபுவின் மனைவி சார்லட். விக்டோரியா அரசியின் அந்தரங்கச் சேடியாக ஆண்டுக்கணக்கில் இருந்தவர். கல்கத்தாவிலிருந்து அரசிக்கும், தாய்க்கும், தங்கைக்கும் ஓயாமல் எழுதினார். அக்கடிதங்களை அகஸ்டஸ் ஹேர் 1893இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். செடிகொடிகளை வரையும் கலை வல்லவர்; 1858இல் நம் நீலகிரிக்கு வந்து தங்கி அங்கும் வரைந்தார். 1861 இலையுதிர் காலத்தில் டார்ஜிலிங் போய்த் திரும்புகையில் இமயத்தின் அடிவாரச் சதுப்புக் காட்டைக் கடந்தார். காட்டுக் காய்ச்சல் பற்றியது. நவம்பர் 18இல் மாண்டார். கணவர் அந்தச் செய்தியை அரசிக்கு எழுதினார். கடிதம் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தபோது அரசியும் கைம்பெண்ணாகியிருந்தார்.

அந்தக் காட்டுக் காய்ச்சல் எது? மலேரியா. கல்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக மக்களை நடுக்கிப் போட்ட அதே காய்ச்சல்! சேர்வராயன் மலையில் ஏற்காட்டைக் கண்டு மாளிகையும் காப்பித் தோட்டமும் போட்ட வெள்ளைச் சீமான்கள், சற்றுக் கிழக்கே இருக்கும் கல்வராயனில் அப்படிக் குடியேறவில்லை. பாதை இல்லை என்பது ஒன்று; மலைக்காய்ச்சல் அச்சம் மற்றொன்று. அவர்கள் அந்த மலையைக் 'காய்ச்சல் மலை' என்று கருதினார்கள். மலை, வருகிற அதிகாரிக்கு ஆகாது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அங்கேயே பிறந்து அங்கேயே இறக்கும் மலையாளிப் பழங்குடி மகனுக்கு ஆகிறதா என்பது அவர்கள் கேள்வி அல்ல.

மருந்தில்லாமல் இல்லை. கொயினா மருந்து 1820லேயே பிரித்தெடுக்கப்பட்டது. 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்கச் சிங்கோனாக் கன்றுகளைக் கொண்டு வந்தார். சார்லட் கானிங் உலவிய நீலகிரியிலேயே அவை வேரூன்றின. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. 1892இல் வங்காளத்தில் காலணாப் பொட்டலமாகக் கொயினாவை அஞ்சல் நிலையங்களில் விற்கத் தொடங்கி, அம்முறை பிற மாகாணங்களுக்கும் பரவியது. ஆம், கடிதம் வாங்கப் போகும் இடத்தில் காய்ச்சல் மருந்து! நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடிதம் வராத ஊருக்கு அந்த மருந்து எந்தப் பையில் வரும்? நீலகிரியில் மரப்பட்டை; கல்வராயனில் காய்ச்சல்; இடையே சில நூறு கல் தொலைவு. அந்தத் தொலைவைக் கடக்கப் பல தலைமுறைகள் பிடித்தன.

சென்னைக் கவர்னராக இருந்த ஹோபார்ட் பிரபு 1875 ஏப்ரலில் டைபாய்டில் இறந்தார். ஆல்பர்ட்டைக் கொன்றதாகச் சொன்ன காய்ச்சல், வேல்ஸ் இளவரசனை வாசல் வரை கொண்டு போன காய்ச்சல், சென்னைக் கோட்டையின் தலைவனையும் விடவில்லை. கெட்ட நீருக்கு ஆள்வோன் ஆளப்படுவோன் தெரியவில்லை. அடுத்த ஆண்டே தொடங்கியது தாது வருடப் பஞ்சம். கொடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலம் ஒன்று. கல்வராயன் மலையின் மேற்குப் பகுதி அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. 1877 ஜனவரியில் டில்லியில் விக்டோரியாவை 'இந்தியப் பேரரசி' என்று முழக்கித் தர்பார் நடத்தினார்கள். அதே திங்களில் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, பஞ்ச வேலைக்கு வரும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்றார். போதாது, உடம்பு தாங்காது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எடுத்தெழுதிப் போராடினார். சில திங்களில் கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனையோ உடல்கள் விழுந்துவிட்டன. கோமகளின் பிள்ளைக்கு எந்த நேரத்தில் எத்தனை கரண்டிக் கஞ்சி என்று எழுதிய கடிதங்களுக்கு அருகே கார்னிஷ் எழுதியவற்றையும் வைத்துப் படிக்கவேண்டும். என்னைக் கேட்டால் அக்காலத்து நோய் இலக்கியத்தில் இவற்றுக்கே முதலிடம் தருவேன். மலர் இல்லை, மாலை இல்லை, கணக்கு மட்டும் இருக்கிறது.

டப்ரின் சீமாட்டியின் கடிதங்களோடு இப்பகுதியை முடிக்கலாம். வைசிராயின் மனைவியாக 1884 முதல் 1888 வரை இங்கிருந்து தாய்க்கு எழுதியவற்றை 1889இல் நூலாக்கினார். ஊர்வலமும் விருந்தும் பாதி இடத்தைத் தின்கின்றன. அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டால் நட்டமில்லை. மீதியில் ஒரு பொருள் இருக்கிறது: இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்ற முயற்சி. புறப்படும்போதே விக்டோரியா அரசி அதை அவரிடம் ஒப்படைத்திருந்தார். 1885இல் அதற்கென ஒரு நிதி அமைந்தது. பெண்ணின் வேதனையை மகளுக்கு எழுதிய அதே கை, இங்கே ஒரு நல்ல செயலுக்கும் காரணமானது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆனால் அந்த நன்மையும் இந்த மண்ணைத் தொட்டதும் எப்படித் திரிந்தது பாருங்கள்! அதே 1885இல் சென்னையில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தோன்றியது. அதற்கு உழைத்தவர் மேரி ஷார்லிப். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்து படித்த பெண்மணி. மருத்துவமனையின் பெயர் என்ன? 'விக்டோரியா சாதி, கோஷா மருத்துவமனை'! சாதியே பெயர்ப்பலகையில் ஏறியது! பிறர் படுத்த கட்டிலில் படுக்கமாட்டோம், பிறர் தொட்ட நீரைக் குடிக்கமாட்டோம் என்று வைதீக வீட்டுப் பெண்கள் பொது மருத்துவமனைக்கு வரமாட்டார்களாம். ஆகவே சாதி காக்கும் மருத்துவமனை. உயிர் போகும் நேரத்திலும் ஆசாரம் போகக்கூடாது! இந்தப் பெயர் 1948இல்தான் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று மாறியது. பெயரை மாற்றிய கை வாழ்க. ஆனால் அந்தப் பழைய பலகை அறுபது ஆண்டுகளுக்கு மேல் தொங்கியது என்பதை மறப்பதற்கில்லை.

ஆசாரம் என்ன விலை வாங்கும் என்பதற்குத் திண்டிவனம் சான்று. கள்ளக்குறிச்சியும் திண்டிவனமும் அன்று ஒரே தென்னார்க்காடு மாவட்டம். 1890களின் தொடக்கத்தில் அங்கே மிஷன் மருத்துவராக இருந்தவரின் மகள் ஐடா ஸ்கட்டர். ஓர் இரவில் மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிள்ளைப்பேற்றில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்க அவரை அழைத்தனர். நான் மருத்துவம் படித்தவள் அல்லள், என் தந்தையை அழைத்துப் போங்கள் என்றார் அப்பெண். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் பிணமானார்கள். அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் வேலூர் மருத்துவமனை. விக்டோரியாவுக்குக் குளோரபாரம் கொடுத்தவர் ஓர் ஆண். அரசியின் மானம் போகவில்லை. திண்டிவனத்துப் பெண்களுக்கு மட்டும் மானம் உயிரை விடப் பெரிதாகப் போயிற்று. மூவரின் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் எழுதியிருந்தால்? எழுத யார் கற்றுக் கொடுத்தார்கள்!

இங்கேதான் நான் மலையேற விரும்புகிறேன். கல்வராயன் மலைக்கும் 'பிரபுக்கள்' இருந்தார்கள். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற பெயர்களில் மூன்று ஜாகீர்கள். வெள்ளையன் வந்தான், போனான், ஜாகீர் போகவில்லை. நாடு 1947இல் விடுதலை பெற்றது, ஜமீன்கள் ஒழிந்தன, கல்வராயன் மலை மக்கள் ஜாகீர்தாரிடமிருந்து அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தது 1976இல்! விண்ட்சர் மாளிகையின் இருமல் நாள்வாரியாக நமக்குத் தெரிகிறது. கல்வராயனில் அதே ஆண்டுகளில் எத்தனை தாய்மார் பேறுகாலத்தில் மாண்டார்கள், எத்தனை பிள்ளைகள் காய்ச்சலில் நடுங்கினார்கள் என்று சொல்ல ஒரு தாளும் நம் கைக்கு வரவில்லை. நோயில்லை என்பதாலா? எழுத்தில்லை என்பதால்! எழுத்தில்லாதவனின் நோய்க்கு ஆட்சியின் ஏட்டில் இடமில்லை. ஏட்டில் இல்லாத நோய்க்கு மருந்தும் ஒதுக்கப்படுவதில்லை. மலையின் மக்களுக்கு நோயைச் சொல்லத் தெரியாமல் இல்லை. சாமிக்குச் சொன்னார்கள், பூசாரிக்குச் சொன்னார்கள், நேர்த்திக்கடனாகச் சொன்னார்கள். அந்த முகவரிகளிலிருந்து பதில் வந்ததில்லை.

பதில் வரும் முகவரிக்கு எழுதிய தமிழரும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலி கொடுத்தார். அது குடும்பத் துயரமாக, ஒரு கறுப்புக் கரையிட்ட தாளில் முடிந்திருக்கலாம். அவர் அதை மனுவாக்கினார், நிதியாக்கினார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. விக்டோரியா அரசி கணவரை இழந்த துயரத்தைக் கடிதம் கடிதமாக எழுதி நாற்பது ஆண்டு கறுப்புடுத்தியதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். துயரம் ஒன்றே. அது போய்ச் சேர்ந்த இடம் வேறு. அண்ணா தம்பிக்கு எழுதிய கடிதங்களையும் நினைத்துக் கொள்ளலாம். 1968இல் நியூயார்க்கில் அறுவை மருத்துவம் செய்துகொண்டு திரும்பியவர், 1969 பொங்கலுக்குக் காஞ்சி இதழில் கடைசியாக எழுதினார்; அடுத்த திங்கள் மறைந்தார். அந்தக் கடிதமும் குடும்பக் கடிதம்தான். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வம்சாவளி கிடையாது; தம்பி என்று படிக்கிற எவனும் அதில் சேர்ந்தவன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதையடுத்த திங்களில், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கு எடுத்தது. சாலையும் மருத்துவமும் பள்ளியும் நீதிமன்றத் தாளில் ஏறின. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டது; 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. வெள்ளிமலையிலிருந்து இறங்கிவரும் நோயாளியின் பெயரும் ஊரும் வயதும் இன்று ஒரு சீட்டில் எழுதப்படுகின்றன. அந்தச் சீட்டில் இலக்கிய நயம் இருக்காது. விண்ட்சர் கடிதங்களில் நான் தேடிக் கிடைக்காத பெயர்கள் அதில் இருக்கும்.

பதிப்பாளருக்கு ஒரு வேண்டுகோள். ஆலிஸின் கடிதங்களையும் விக்கியின் கடிதங்களையும் தேர்ந்தெடுத்துத் தமிழில் யாராவது தரவேண்டும். தருவோர் 1907இல் செய்தது போல் பிள்ளைப்பேற்றுப் பகுதிகளை வெட்டவேண்டாம். ஊர்வலங்களை வேண்டுமானால் வெட்டலாம். பின்னிணைப்பாகக் கார்னிஷ் எழுதியவற்றில் சிலவற்றையும், கல்வராயன் மலை பற்றிய நீதிமன்ற ஆணைகளையும் சேர்த்து, நம் படிப்பகங்கள் வாங்கக்கூடிய விலையில் மலிவுப் பதிப்பாகப் போடட்டும்.